மிச்சம் நூற்று நாற்பத்திரண்டு

நாலாயிரம் எழுத்துக்குள் என்னைச் சொல்ல வேண்டும்.
இடைவெளியும் ஓர் எழுத்து, முற்றுப்புள்ளியும் ஓர் எழுத்து.
தலையெழுத்தைக்கூட இவ்வளவு கறாராய்
எவனும் எண்ணியிருக்க மாட்டான்.

நாளை மாலை ஆறு மணிக்குக் கதவு மூடும்.
கவன்ட்ரியில் மழை, சுற்றுச்சாலையில் லொறிகள்,
குசினி மேசையில் மடிக்கணினி,
அம்மா உதிர்த்து வைத்த மாதுளை.
எல்லாம் எழுதியாகிவிட்டது,
இரசாயனவியலில் எடுத்த அந்த ஒற்றைச் சி தவிர.
கொஞ்சம் நீட்டி வாசித்தால் சீ.

சொல்வதா, விடுவதா.

"ஓட்டையை நீயே தொட்டுக் காட்டாதே,
ஒரு நாளைக்கு நூறு படிப்பவர்கள் அவர்கள்" என்றார்
பள்ளியில் படிப்பித்த ஹால்டேன் மிஸ்.
நிருத்திகா குரல்செய்தியில் கத்தினாள்:
"விசரி, உன்ர அப்பாவுக்கு அந்த வருசம்தானே பைபாஸ்?
அதைப் போடு. பைபாஸ் இல்லாதவளவை
பூனை செத்ததை எழுதுறாளவை."

அப்பா கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.
பெட்ரோல் நிலையத்துச் சட்டையோடே வந்து
மேல் பொத்தான் இரண்டைக் கழற்றிக் காட்டினார்,
கழுத்தடியிலிருந்து இறங்கும் அந்தத் தழும்பை,
ஏதோ வங்கிப் புத்தகம்போல.
"எழுது பிள்ளை. வெட்டினது வெட்டினதுதானே.
ஒரு பிரயோசனம் வரட்டும்."

எழுதினேன்.
தந்தையின் இதய அறுவைச் சிகிச்சை என்று தொடங்கி
இருநூற்றுப் பத்து எழுத்து.
ஒரு பொய்யும் இல்லை அதில்.
மார்ச்சில் அறுத்தார்கள். ஜூனில் எனக்குப் பரீட்சை.
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்
நடுவில் ஓர் 'ஆகையால்' தானாக முளைக்கிறது.

ஆனால் ஏப்ரலில் அவர் எழும்பி நடந்தார்.
மே மாதம் இடியப்பம் கேட்டுச் சண்டை பிடித்தார்.
நான் அந்த வசந்தம் முழுக்க
பஸ் தரிப்பில் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தேன்.
காதல் இல்லை, கவலை இல்லை, காய்ச்சல்கூட இல்லை.
புத்தகம் மேசையில் கிடந்தது, திறக்கவில்லை.
ஏன் என்றால், சும்மா.
இந்தப் படிவத்தின் மொழியில்
சும்மாவுக்கு ஒரு சொல் தேடி
பாதி இரவு போய்விட்டது.

இரண்டு வருடமாய் வார்டில் இரவு வேலை எனக்கு.
பிரஷர் பார்ப்பேன், பெட்பான் மாற்றுவேன்.
பதினொன்றாம் கட்டிலில் பெட்டிஃபர்.
குடிப்பதுண்டா என்று டாக்டர் கேட்டபோது
"விசேஷ நாளில்" என்றவர்,
விடியப்புறம் மூன்று மணிக்கு
என் கையிலிருந்து தண்ணீர்க் குவளையை
வாங்க முடியாமல் கை உதற,
"தினம் ஒரு போத்தல். எழுதிக்கொள்" என்றார்.
மனைவி போனதைச் சொல்லவில்லை.
அது கோப்பில் இருந்தது.

இருநூற்றுப் பத்தையும் அழித்தேன்.
அந்த ஆண்டு நான் படிக்கவில்லை.
சொல்லும்படியாய்க் காரணம் எதுவும் இல்லை.
அடுத்த ஆண்டு திரும்ப எழுதி ஏ எடுத்தேன்.
மூன்று வாக்கியம்.
வாசித்துப் பார்த்தால் அதுவும் கொஞ்சம்
கண்ணாடி முன் நின்று பேசுகிற மாதிரித்தான் இருக்கிறது.
நேர்மைக்கும் பவுடர் பூசுவேனோ நான்?
தெரியவில்லை. அழிக்கவில்லை.
அனுப்பு என்ற பொத்தானை அழுத்தும்போது
விரலில் மாதுளைச் சாறு.

"என்ர நெஞ்சைப் போட்டனியோ?"
கதவடியில் நின்று கேட்டார்.
"இடம் காணேல்லை அப்பா."

முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று.
பொத்தானைப் பூட்டிக்கொண்டு
மிச்ச மாதுளையை எடுத்துப்போனார்.
நான் இன்னும் மூடாத
வரைவின் மூலையில், சிறிய சாம்பல் இலக்கத்தில்,
மிச்சம்: 142.